அப்பா பாடலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வீட்டில் பாடுவதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். பாட்டுச் சத்தம் கேட்கும் வீட்டில் கோபம் நெடுநேரம் தங்குவதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அது உண்மையென்றே தோன்றியது; அதனாலேயே வருத்தமாகவும் இருந்தது.

என் மனைவிக்கு நல்ல குரல். எனக்குச் சுருதி நிற்காது. ஆனாலும் எங்கள் மகளைச் சிறு வயதில் தூங்கவைத்தது பெரும்பாலும் என் பாட்டுதான். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒன்றரை ஆண்டாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். சில மாதங்களுக்கு முன் அவள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நானும் கூடவே முணுமுணுத்தேன். “அப்பா, நீங்க பாடாதீங்க, எனக்குச் சுருதி போயிடுது” என்றாள். அன்றிலிருந்து நான் வாய் திறப்பதில்லை. விந்தை என்னவென்றால், பயிற்சி நேரம் தவிர மற்ற நேரங்களில் அவளும் பாடுவதில்லை. அவளுடைய காது கெட்டுவிடக் கூடாது என்று நான் ஒதுங்கியிருப்பது சரிதானா?

செ.

அன்புள்ள செ.,

சரியல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் மகள் சொன்னதில் தவறில்லை. சுருதியில் நிற்கப் பழகும் குழந்தையின் பக்கத்தில் இன்னொரு குரல் விலகி ஒலித்தால் அவளுக்குப் பிடி நழுவத்தான் செய்யும். அதை உடனே கண்டுபிடித்துச் சொன்னாள் என்றால், ஒன்பது ஆண்டுகள் உங்கள் பாட்டைக் கேட்ட பிறகும் அவளுடைய காது பழுதில்லாமல் இருக்கிறது என்றுதானே பொருள்? அவள் கேட்டது அரை மணி நேர அமைதி. நீங்கள் கொடுத்ததோ நாள் முழுவதற்குமான மௌனம். பாட்டு என்றாலே பயிற்சி, பயிற்சி என்றாலே சரி பார்த்தல் என்று வீடு மாறிய பிறகு, அவள் மற்ற நேரங்களில் பாடாமல் போனதில் எனக்கு வியப்பு ஏதுமில்லை.

நீங்கள் தூங்கவைத்த காலத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அது அவ்வளவு சிறிய செய்தியல்ல. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே கேட்க விரும்புகின்றன என்று 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவிலிருந்தே கேட்டுப் பழகிய குரல் அது. சில ஆண்டுகள் கழித்துத் தந்தையின் குரலை வைத்தும் சோதித்துப் பார்த்தார்கள்; வேறோர் ஆணின் குரலைவிட அதைச் சிசுக்கள் அதிகமாக விரும்பவில்லை. தந்தையருக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான். ஆனால் உங்களைப் பொறுத்தவரை இதில் பெருமைப்பட இடம் இருக்கிறது: தாயின் குரலுக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிற இடத்தை, நீங்கள் இரவு இரவாகப் பாடிச் சம்பாதித்திருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டின் தரம் பற்றிய கவலையும் வேண்டாம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத துருக்கி மொழியில் பாட்டையும் பேச்சையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்ட குழந்தைகள் ஏறக்குறைய 4 நிமிடங்களில் சிணுங்கத் தொடங்கின. பாட்டு கேட்டவை ஏறக்குறைய 9 நிமிடங்கள் அமைதியாக இருந்தன. சொல்லின் பொருளோ பழகிய முகமோ துணையில்லாமலே, திரும்பத் திரும்ப வரும் ஓசை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஓசை என்பதால் தாலாட்டு என்பார்கள். அந்தப் பெயரில் குரல்வளத்துக்கான நிபந்தனை எதுவும் இல்லை.

இனி, சுருதி நிற்காது என்கிற உங்கள் தீர்ப்பைப் பார்ப்போம். சுருதி விலகுவதையே உணர முடியாத பிறவிக் குறை ஒன்று உண்டு. நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்கள் நன்கு தெரிந்த மெட்டைத் தப்பாகப் பாடிக் காட்டினாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உங்களுக்கு அது தெரிகிறதென்றால் காதில் குறையில்லை. சிக்கல் நீங்கள் பாடும் சுருதியில் இருக்கலாம். உங்கள் வீட்டில் பாட்டை எடுப்பவர் மனைவிதானே? கட்டை என்பது பாட்டின் ஆதாரச் சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கான அளவு. அவர் ஐந்தரைக் கட்டையில் தொடங்கினால், அதே இடத்தில் பாட முயலும் ஆண் குரல் மேலே போகப் போக நெரிபடும். ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்களின் ஒரு முழுச் சுற்று, இறக்கினால் கீழ்ச் சுரங்களில் வெறும் காற்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவே அலைகிறவரைப் பார்த்துச் சுருதி சேராதவர் என்று சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ நீங்கள் தொடங்கிப் பாருங்கள். மகளின் குரல் தானாகவே ஒரு ஸ்தாயி மேலே அமைந்துகொள்ளும். மனைவிக்கு மேல் சுரங்கள் சற்றுச் சங்கடமாக இருக்கும். ஒரு பாட்டுக்கு அதைப் பொறுத்துக்கொள்வார். இத்தனை ஆண்டுகள் நீங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் 1730இல் தன் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வருகிறது. வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டு எழுதியது. தான் வேலை பார்க்கும் லைப்சிக் நகரில் வாழ்க்கைச் செலவு மிக அதிகம் என்று புலம்பல் நிறைந்தது. அதன் முடிவில் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வரும்போது தொனியே மாறிவிடுகிறது. பிள்ளைகள் எல்லோரும் பிறவி இசைக்கலைஞர்கள், என் குடும்பத்தை வைத்தே பாட்டும் வாத்தியமுமாக ஒரு கச்சேரி நடத்த முடியும், மனைவி தெளிவான குரலில் பாடுகிறாள், மூத்த மகளும் மோசமில்லாமல் சேர்ந்துகொள்கிறாள் என்கிறார். அந்த ‘மோசமில்லாமல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். மேற்கத்திய இசையின் மாமேதை தன் வீட்டில் பாடுகிறவர்களின் கணக்கை எடுக்கும்போது, சுமாராகப் பாடும் மகளையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறார். பெருமையாகவே சேர்த்துக்கொள்கிறார்.

என் தந்தைக்கும் குரல் கிடையாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டின் பல்லவி மட்டும். அதிலும் ஒரு சொல்லைத் தவறாகவே பாடுவார். காலையில் முகம் மழிக்கும்போது, பூட்டைத் தேடும்போது, எங்கள்மேல் கோபம் தணிந்துவிட்டது என்று தெரிவிக்க வேண்டியிருக்கும்போது, அந்த இரண்டு வரிகள் வரும். கோபம் தணிந்ததை அவர் வேறு எந்த விதத்திலும் சொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்து மூலப் பாட்டை முதன்முதலாக ஒலிப்பதிவில் கேட்டபோது, பாடகர் அந்தச் சொல்லைத் தப்பாகப் பாடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் அப்படியே தோன்றியிருந்தது. இன்றைக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்தால் அந்தத் தவறான சொல்லோடுதான் பாடுகிறோம். சரணம் இருவருக்குமே தெரியாது.

ஆகவே பயிற்சி நேரத்தில் மகளைத் தனியே விடுங்கள். அது முடிந்ததும், அவளைத் தூங்கவைத்த பாட்டுகளில் ஒன்றைச் சொல்லி, “அப்பாவுக்கு ஏற்ற மாதிரி சுருதி எடுத்துக்கொடு” என்று கேளுங்கள். ஒன்றரை ஆண்டாகத் திருத்தங்களை வாங்கிக்கொண்டிருப்பவள் அவள். கொடுக்கும் இடத்தில் ஒரு முறை உட்காரட்டும். எத்தனை கட்டையில் எடுத்துக் கொடுத்தாள் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.