ஒன்றுக்குப் போகக் கூச்சம்: கேள்வி பதில்

சேலத்தில் மனநல மருத்துவம் பார்ப்பவன் நான். பக்கத்தில் ஆள் இருந்தால் சிறுநீர் வராது என்ற சிக்கலைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

ஓமலூர் வாசகர்: வயது 27. பஸ் நிலையக் கழிப்பறையில் அடிவயிறு முட்டிக்கொண்டிருக்கும். என் முறை வந்ததும் பின்னால் நிற்பவர் ஒருமுறை இருமினால் போதும், ஒரு சொட்டும் வராது. வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. புரோஸ்டேட் கோளாறா டாக்டர்?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது தம்பி. வீட்டில் தாராளமாகப் போகிறது என்றால் குழாயில் அடைப்பில்லை. அடைப்பு இடம் பார்த்து வருவதில்லை.

சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு பூட்டுகள். வெளிப்பூட்டு நாம் சொன்னால் கேட்கும். உள்பூட்டு கேட்காது. பயம் வந்தால் தானியங்கி நரம்புகள் அதை இறுக்கிவிடும், பையின் தசையும் சுருங்காமல் நின்றுவிடும். 'வா, வா' என்று முக்குவதும் ஒருவகைப் பதற்றம்தான், பூட்டு இன்னும் இறுகும். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதற்கு 'பாரூரீசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்று இது சமூகப் பதற்ற நோயின் ஒரு வகை.

சிகிச்சை படிப்படியானது. நிறையத் தண்ணீர் குடித்து, நன்றாக முட்டும்போது வீட்டுக் கழிப்பறைக்குப் போங்கள். நம்பிக்கையான நண்பர் ஒருவர் தெருவாசலில் நிற்கட்டும். மூன்று விநாடி போனதும் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடியும். இந்த முறை நண்பர் கூடத்தில், அடுத்து கதவுக்கு வெளியே. முழுவதும் கழித்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது, அதனால்தான் மூன்று விநாடி. வராவிட்டால் முக்காதீர்கள், நண்பரைப் பத்தடி பின்னால் அனுப்புங்கள். பிறகு கூட்டமில்லாத நேரத்தில் வெளிக்கழிப்பறை. பஸ் நிலையம் கடைசிப் பாடம்.

அஸ்தம்பட்டி வாசகி: அலுவலகத்தில் ஏற்காடு போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போதும்தானே?

போதாது அம்மா. செய்யவே கூடாது. சேலத்து வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டிப்படும், கல் சேரும். அடக்கி வைத்தால் பெண்களுக்குக் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். 'பயணம் என்றால் தண்ணீர் வேண்டாம்' என்ற முடிவுதான் இந்த நோய் வளர்வதற்கான உரம். நம்பிக்கையான ஒரு தோழியிடம் மட்டும் சொல்லி, அவரோடு போங்கள்.

மேட்டூர் வாசகர்: பார்லிக் கஞ்சி குடித்தால் கூச்சம் போகுமா?

போகாது. சிறுநீர்தான் பெருகும்.

ஆத்தூர் வாசகர்: அப்பாவுக்கு 66. வீட்டிலேயே சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது.

என் துறை அல்ல. சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) இந்த வாரமே காட்டுங்கள். ஒரேயடியாக நின்றுவிட்டால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

சூரமங்கலம் வாசகர்: இது நோயே இல்லை. சிறுநீர்த்தொட்டிகளுக்கு நடுவே தடுப்பும், கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்தால் யாருக்கும் கூச்சம் வராது. கட்டடத்தின் குற்றத்தை மனத்தின் மேல் போடாதீர்கள்.

பாதி சரி. 1976இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கழிப்பறை ஒன்றில் 60 ஆண்களைக் கவனித்தார்கள். தனியாக நின்றவருக்குச் சிறுநீர் தொடங்கச் சராசரியாக 4.9 விநாடி ஆனது. ஒட்டினாற்போல் ஒருவர் நின்றால் 8.4. பக்கத்துக் கழிப்பறைத் தடுப்புக்குள், தரையில் அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே பெரிஸ்கோப்பை (ஒளிந்திருந்து பார்க்கும் கண்ணாடிக் குழாய்) மறைத்து வைத்துப் பார்த்தார்கள் என்பது தனிக்கூத்து. அந்த அசிங்கத்துக்காக இன்றும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஆக, நெருக்கம் எல்லோரையும்தான் தடுக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சில விநாடிதான் தாமதம். என்னிடம் வருபவர் தாழிட்ட அறைக்குள்ளும் அரைமணி நின்றுவிட்டு, வெளியே செருப்புச் சத்தம் கேட்டதற்காக அப்படியே திரும்பி வருகிறார். அவருக்கு எந்தப் பலகையை வைப்பீர்கள்?

சூரமங்கலம் வாசகர் மறுபடியும்: என் மகன் ஆறாம் வகுப்பு. பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பையன்கள் கதவைத் தள்ளிச் சிரிக்கிறார்கள். மாலைவரை அடக்கிக்கொண்டு வருகிறான். அவனுக்கும் மனநோயா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் ஐயா. இல்லை, அவனுக்கு வேண்டியது தாழ்ப்பாள்தான். நாளைக்கே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் பழகிவிடுவான். பத்து வருடம் கழித்து, தாழ்ப்பாள் உள்ள இடத்திலும் வராமல் என்னிடம் வருவான். பாதி சரி என்றேன், முக்கால் சரி என்று திருத்திக்கொள்கிறேன்.

எடப்பாடி வாசகர்: இது ஆண்மைக் குறைவின் அறிகுறியா?

இதே கேள்வி நான்காவது முறை. இல்லை. லேகியம் வாங்காதீர்கள்.

ஏற்காடு வாசகர்: காபித் தோட்டத்தில் வேலை. புதிய வேலைக்கு மருத்துவப் பரிசோதனை. கோப்பையைக் கையில் கொடுத்தால் வராதே! முந்தைய நாளிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடட்டுமா?

தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று மேலே தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தேவையே சிறுநீர்தானே ஐயா! வீட்டிலிருந்தே குடித்துக்கொண்டு வாருங்கள். 'ஆள் நின்றால் எனக்கு வராது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்' என்று ஆய்வகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பையோடு உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிடுங்கள். அந்தச் சத்தத்தில் வெளியே இருமுபவர் காதில் விழமாட்டார்.