அணைப்பதும் உடம்பின் வேலைதான்

அன்புள்ள அண்ணா,

காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முடக்குவாதம். ஆறு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரையும், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட்டும் சாப்பிட்டார். "இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை" என்று மருந்துக்கடையில் சொன்னதும் பயந்து நேற்று முதல் நிறுத்திவிட்டார். எங்கள் ஊர்த் தண்ணீரால் வந்ததா? தக்காளி, கத்தரிக்காயை விட வேண்டுமா? எதிர்ப்பு சக்தி கூடுவதற்கு என்ன கொடுக்கலாம்?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஸ்டீராய்டு. ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி உடம்பே உண்டாக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடுதிப்பென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கடையில் நிற்கிறவர் சொன்ன ஒரு சொல்லுக்குப் பயந்து, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமலே விட்டிருக்கிறீர்கள். படித்த பிள்ளை நீ, பார்த்துக்கொண்டா இருந்தாய்? இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ.

நம் தர்மபுரிப் பக்கத் தண்ணீரில் அளவுக்கு மீறி இருக்கும் ஃபுளோரைடு உப்பு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். முடக்குவாதம் வேறு நோய், நம் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குவது. தக்காளி, கத்தரிக்காய் தாராளமாகச் சமைக்கலாம்.

"எதிர்ப்பு சக்தி கூட" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. காவேரிப்பட்டணத்தில் என் சின்னம்மாவுக்கும் இதே நோய். விடிந்ததும் விரல் முட்டி மடங்காது. களி கிண்டும் துடுப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் கிண்டுவார். சந்தையில் ஒருவன் எதிர்ப்பு சக்தி ஏறும் என்று ஒரு பொடி விற்றான். வலி பறந்துவிட்டது. சில மாதத்தில் முகம் உப்பி, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. பார்த்த டாக்டர், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார். எதைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்களோ அதையே, அளவு தெரியாமல், சக்தி என்று நம்பித் தின்றிருக்கிறார்.

கூடக்கூட நல்லது என்று யார் சொன்னது? நம் வெள்ளணுக்களுக்குள் என்.எஃப். கப்பா-பி என்றொரு புரதம் இருக்கிறது. 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கிருமி வந்த தகவல் கிடைத்ததும் பிடித்திருந்தது சிதைக்கப்படும். விடுபட்டது உட்கருவுக்குள் போய் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும். வீக்கமும் சூடும் வலியும் அதன் பிறகு வருபவை. ஆனால் அதே என்.எஃப். கப்பா-பி ஐ-கப்பா-பியின் மரபணுவையும் சேர்த்தே முடுக்குகிறது. புதிதாக உருவாகும் ஐ-கப்பா-பி உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, அதைப் பிடித்து வெளியே இழுத்துவருகிறது. தீ மூட்டியதே தண்ணீருக்கும் ஆள் அனுப்பிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. டி.என்.எஃப். மரபணுவிலிருந்து, புரதம் செய்வதற்காக எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகலின் வால்பகுதியில் ஏ, யு என்று குறிக்கப்படும் வேதி எழுத்துகள் அடர்ந்த ஒரு துண்டு இருக்கிறது. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டு, நகலைச் சீக்கிரம் அழியவைக்கும். எலிகளில் அந்தத் துண்டை மட்டும் நீக்கிச் செய்த ஆய்வு 1999-ல் வெளியானது. டி.என்.எஃப். புரதத்தின் அமைப்பில் எந்த மாற்றமும் இல்லை, உற்பத்திதான் அடங்கவில்லை. அந்த எலிகளுக்கு மூட்டுவாதம் வந்தது, குடலிலும் அழற்சி. இதை இன்னொரு தடவை படி. எதிர்ப்பு சக்தி குறைந்து அவற்றின் மூட்டு வீங்கவில்லை. நிறுத்த முடியாமல் வீங்கியது. அம்மாவுக்கும் இதே மரபணுப் பிசகு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடக்குவாதத்தில் டி.என்.எஃப். அளவுமீறி நிற்பதால்தான் அதைத் தடுக்கும் ஊசிகளையே பலருக்குப் போடுகிறார்கள்.

அடக்குவதற்கென்றே தனி அணுக்களும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டிய, டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களில் ஒரு வகை அவை. அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்-பி-3 மரபணுவை அமெரிக்க விஞ்ஞானிகள் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001-ல் கண்டார்கள். மூவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடலையும் தோலையும் கணையத்தையும் அவர்களுடைய எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது.

அம்மாவின் ஸ்டீராய்டும் அணுவுக்குள் நுழைந்து, அங்கே தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, என்.எஃப். கப்பா-பியின் வேலையைத்தான் தடுக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தொற்று எளிதாக வரும். இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் அதை டாக்டர் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நீங்களாக அல்ல.

மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கச் சொன்னால் எந்தக் கிழமை என்று கேட்டு, காலண்டரில் பெரிதாக எழுதிவை. அது வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தவறித் தினமும் போட்டால் உயிரை வாங்கிவிடும். ஃபோலிக் அமில மாத்திரை பற்றியும், ரத்தப் பரிசோதனை எப்போது என்றும் மறக்காமல் கேள். காய்ச்சல் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதும்மா.