கெடுத்தவர்கள் யார்?

கேள்வி: அயர்லாந்தின் நாட்டுப்புற இசையைப் பங்க் ராக்கின் கூச்சலோடு கலந்து, 'செல்டிக் பங்க்' என்று பெயர் சூட்டி விற்கும் குழுக்கள் பெருகிவிட்டன. நூற்றாண்டுகளாகத் தூய்மையாகக் காக்கப்பட்டு வந்த மரபைக் குடிகாரப் பாட்டாக்கியவர்கள் இவர்கள். இவர்களைப் பாராட்டி உங்கள் இதழ் எழுதுவது ஏன்? இவற்றுள் கேட்கத்தக்கது ஏதேனும் உண்டா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: உங்கள் குற்றச்சாட்டில் பாதி நியாயமானது, ஆனால் அந்தப் பாதியையும் தவறான ஆட்களின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தத் 'தூய்மை'யைப் பார்ப்போம். அயர்லாந்து இசை என்றதும் நம் காதில் ஒலிக்கும் டின் விசில் என்ற சிறு குழல், 1843-இல் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் தகரத் தகட்டில் செய்யத் தொடங்கி, பின்னர் மான்செஸ்டரில் ஆலை வைத்து ஏழைகளும் வாங்கும் விலைக்கு விற்ற கருவி. பாஞ்சோ என்ற தந்திக் கருவி, அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் கைகளில் உருவாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தது. துருத்தி வைத்த அக்கார்டியன் ஐரோப்பியக் கண்டத்துச் சரக்கு. பூஸூக்கி என்ற தந்திக் கருவி 1960-களில் கிரேக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920-களில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்த பிடில்காரர்களின் வாசிப்பையே மாற்றின. 1935-இல் அயர்லாந்தில் கொண்டுவரப்பட்ட பொது நடனக்கூடச் சட்டம் உரிமம் இல்லாத ஆட்டங்களைத் தண்டனைக்குரியதாக்கியது. பாதிரியார்களும் காவலர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கூடத்திலும் நாற்சந்தியிலும் நடந்த ஆட்டங்களை ஒடுக்கினார்கள். பங்க் என்ற வேகமும் முரட்டுத்தனமும் மிக்க ராக் இசை பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரபுக்கு விழுந்த அடி அது. அடித்தவர்கள் ஒழுக்கத்தின் பெயரால் அடித்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருப்பவர்களுக்கு வருவோம். இந்த வகையின் மூலக்குழுவான 'தி போக்ஸ்' 1982-இல் தோன்றியது அயர்லாந்தில் அல்ல, லண்டன் கிங்ஸ் கிராஸில். அதன் பாடகரும் பாடலாசிரியருமான ஷேன் மக்கவன் 1957-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு பிராயத்தின் ஒரு பகுதியை அயர்லாந்தின் டிப்பரேரியில் தாய்வழிச் சொந்தங்களின் பண்ணை வீட்டில், பெரியவர்கள் பாடிக்கொண்டே இருந்த சூழலில் கழித்தவர். பதின்பருவத்து முடிவில் அவரை லண்டனின் பங்க் கச்சேரிகளில் காண்கிறோம். ஆகவே ஒன்றை எடுத்து வந்து இன்னொன்றில் கலக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இரண்டும் அவருடைய சொந்தச் சொத்து. அதோடு, அயர்லாந்துக் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) என்ற ஆயுதக் குழுவின் குண்டுவெடிப்புகளை அடுத்து 1974-இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நிழலில், லண்டன் தெருவில் அயர்லாந்து உச்சரிப்போடு வாய் திறப்பதே சந்தேகத்துக்கு இடமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியதைக் கூச்சல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பை (1984) ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பங்க் என்றதும் நாம் எதிர்பார்க்கும் மின்கிட்டாரின் இரைச்சல் அதில் முன்னிற்கவில்லை. ராகத்தை டின் விசிலும் அக்கார்டியனும் பாஞ்சோவும் சேர்ந்தே சுமக்கின்றன. ஆண்ட்ரூ ரேங்கன் பெரிய டிரம்ஸ் அடுக்கு எதுவுமின்றி, இரண்டொரு முரசுகளை நின்றபடியே அடிக்கிறார். டின் விசில் வாசிக்கும் ஸ்பைடர் ஸ்டேசி, மேடையில் பீர்த் தட்டை எடுத்துத் தம் தலையிலேயே அடித்துத் தாளம் போட்டவர். (வயலின் வித்வான்கள் மன்னிக்க.) பங்க் இருப்பது வேகத்திலும் குரலிலும்தான். அந்த வேகமும் அந்நியமானதன்று. 'ரீல்', 'ஜிக்' என்னும் மெட்டுகள் ஆடுவதற்கென்றே பிறந்தவை. எட்டு அளவுகள் கொண்ட பகுதி ஒன்றை இருமுறை வாசித்து, அடுத்த பகுதியையும் இருமுறை வாசித்து, மீண்டும் தலைப்புக்கு வரும் அமைப்பு அவற்றுக்கு. எல்லாக் கருவிகளும் ஒரே ராகத்தை ஒருமித்து வாசிக்கும் அந்த இசைக்குக் கீழே மூன்றே ஸ்வரக்கட்டுகள் கொண்ட பங்க் கிட்டாரை வைத்தால் எதுவும் இடிபடுவதில்லை.

உங்கள் கருத்தை அன்றே சொன்னவர்களும் உண்டு. கான்செர்டினா என்ற சிறு துருத்திக் கருவியின் கலைஞர் நோயல் ஹில் 1985-இல் அயர்லாந்து வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இவர்களைக் கடுமையாகச் சாடினார். குழுவினரோ, புரவலரைப் போற்றி மெட்டமைக்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்றி, அவர் பெயரிலேயே ஒரு மெட்டை மறு ஆண்டு வெளியிட்டுவிட்டார்கள். இவ்வளவு நயமாகப் பழிவாங்குவதற்கும் மரபு தெரிந்திருக்க வேண்டும். மரபின் காவலர்களாக மதிக்கப்பட்ட 'தி டப்ளினர்ஸ்' குழுவோ 1987-இல் இவர்களோடு சேர்ந்தே பாடியது.

'குடிகாரப் பாட்டு' என்ற சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மக்கவன் குடியால் அழிந்தவர்தான். 1991-இல் சொந்தக் குழுவே அவரை வெளியேற்றும் நிலை வந்தது. ஆனால் அவர் எழுதியவை குடியைக் கொண்டாடும் பாட்டுகள் என்பது கேட்காதவர் சொல்லும் சொல். பதினாறு வயதில் லண்டன் வந்து உடலை விற்று, காவலரிடம் அடிபட்டுச் சீரழியும் சிறுவனின் கதை அவற்றுள் ஒன்று. 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில், செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்த 'பர்மிங்காம் அறுவருக்காக' எழுதிய பாடலை 1988-இல் பிரிட்டனின் ஒலிபரப்பு ஆணையம் தடை செய்தது. அந்த அறுவரின் தண்டனையை ரத்து செய்து நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 1991-இல்.

உங்கள் பாதி நியாயம் பின்னால் வந்தவர்களுக்குப் பொருந்தும். பச்சைத் தொப்பி, நுரைக்கும் குவளை, 'ஹேய்' என்ற கோரஸ் – இந்த மூன்றை வைத்துக்கொண்டு அயர்லாந்தின் தேசியத் திருநாளான செயின்ட் பேட்ரிக் நாளில் வியாபாரம் நடத்தும் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் 1996-இல் மாசசூசெட்ஸின் குவின்சியில் தொடங்கிய 'டிராப்கிக் மர்ஃபீஸ்' குழுவை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டின் வரிகள், உழைக்கும் மக்களின் பாடகர் உட்டி கத்ரி எழுதி வைத்துவிட்டுப் போனவை. தொழிற்சங்கத்துக்காக அவர்கள் பாடுவது பாஸ்டன் வட்டாரத்து அயர்லாந்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றிலிருந்து வருகிறது. அந்தப் பாட்டு விளையாட்டரங்குகளில் ஓயாமல் ஒலித்துத் தேய்ந்துவிட்டது என்றால், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கேட்கத்தக்கது எது என்றீர்கள். போக்ஸின் 1985, 1988 ஆண்டுத் தொகுப்புகள் இரண்டையும் முதலில் கேளுங்கள். அடுத்து, டப்ளினில் பிறந்த டேவ் கிங் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக்கிய 'ஃப்ளாகிங் மாலி'. ஸ்காட்லாந்தின் பேக்பைப் (காற்றுப்பைக் குழல்) இசைதான் வேண்டுமென்றால் வான்கூவரின் 'தி ரியல் மக்கென்ஸீஸ்' இருக்கிறார்கள். சில பாட்டுகளுக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை, உங்களுக்குத் தாங்கலாம். இவற்றைக் கேட்ட பிறகும் மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்றே தோன்றினால், எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள், வெட்டாமல் வெளியிடுகிறேன்.
– ஆசிரியர்