கண்ணாடியோடு ஒட்டிப்போன லட்சுமி படம்

அம்மம்மாவின் சாமியறைப் படம் கண்ணாடியில் ஒட்டிவிட்டது, எப்பிடிக் கழற்றுவது எண்டு கேட்டிருந்தீங்கள். கழற்றாதேங்கோ. அந்தக்கால அச்சுப் படங்களுக்கு மேலே வார்னிஷ் பூசியிருப்பினம். மாரி ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடிச்சிடும். தண்ணி, தலைமுடி உலர்த்தி, பிளேட் எதுவும் வேண்டாம். முதலில் போறது முகமும் கைகளும்தான். லமினேற்றும் செய்யாதேங்கோ, பிறகு பிரிக்கவே ஏலாது.

பின்மட்டையை மட்டும் ஆணி கழற்றி எடுங்கோ. மண்ணிறமாகி அமிலம் ஏறின மட்டைதான் தாளை உதிரப்பண்ணும். அமிலமற்ற மட்டை போடுங்கோ. கண்ணாடியோடேயே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யலாம், ஆனால் சிஐஎஸ் எண்ட மெல்லிய வகை ஸ்கானர் தன்ர தட்டில் ஒட்டியிருக்கிறதை மட்டும்தான் தெளிவாய் எடுக்கும், கண்ணாடித் தடிப்புக்கு அப்பால் மங்கலாக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கிறதையும் தெளிவாய் எடுக்கிற சிசிடி வகை தேவை. கிடைக்காட்டி கமரா, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, பிளாஷ் இல்லாமல். பிரதியை மாட்டி, விளக்குப் புகை படாத இடத்தில் அசலை வையுங்கோ. பிரதிக்கும் கண்ணாடிக்கும் நடுவில 3 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லி பிரேம் போடுறவரிட்டச் சொல்லுங்கோ.

இது ஓவியர் ரவிவர்மாவின்ர அச்சகத்தில் அடிச்ச படமோ எண்டும் கேட்டீங்கள். அது 1894இல் பம்பாயில் தொடங்கினது. பத்து மடங்கு லென்சால் லட்சுமியின்ர கன்னத்தைப் பாருங்கோ: ஒழுங்கில்லாத மணல்போலப் புள்ளிகள் எண்டால் அந்த அச்சகம் செய்த மாதிரிக் கல்லச்சு (கல்லில் வரைஞ்சு அடிக்கிறது), வரிசையான புள்ளிகள் எண்டால் பிந்திய ஓப்செற் இயந்திர அச்சு. ஓப்செற் எண்டாலும் எறியாதேங்கோ. அந்த ரோஸ் கன்னமும் தாமரைக்குளமும் எங்கட வீடுகள் லட்சுமியைக் கண்ட முகம்.