எட்டுக் கலை

அன்புள்ள ஐயா,

இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் ஆண்டு. ஒரு கவிஞரின் பிற்காலக் கவிதைகளில் ‘வீடு’ என்ற சொல் வரும் இடங்களெல்லாம் இழப்பைத்தான் சொல்கின்றன என்பது என் கருத்து. என் அண்ணன் கணித இயற்பியலில் ஆய்வு செய்கிறார். எல்லோரும் அவரிடம் ‘என்ன கண்டுபிடித்தாய்’ என்று கேட்கிறார்கள், என்னிடம் ‘எப்போது முடிப்பாய்’ என்று கேட்கிறார்கள். அவருடைய சமன்பாடு சரியாக இருக்கும், அல்லது தவறாக இருக்கும். இலக்கிய ஆய்வில் தவறு என்றே ஒன்று கிடையாது, அவரவர் பார்வைதானே? இதை ஆய்வு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கணினிவழி மொழி ஆய்வுக்கு மாறிவிடலாமா? ஆய்வேட்டில் கோட்பாடு எவ்வளவு இருக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் வானியலாளர் கெப்ளரைப் பற்றி ஓர் உரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேஜையில் இருக்கும்போதே இப்படி ஒரு கடிதம் வந்தது நல்லதாகப் போயிற்று.

யார் என்ன கேட்கிறார்கள் என்பதை விடுங்கள். கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கோட்பாடு எவ்வளவு என்றால், தேவைப்படும் அளவு. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ‘இலக்கிய ஆய்வில் தவறு என்றே ஒன்று கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. மூன்று வருடம் ஒரு துறைக்குள் இருந்துவிட்டு இப்படி எழுத எப்படி மனம் வந்தது? உங்கள் துறையை யாரோ மட்டம் தட்டியதாக வருத்தப்படுகிறீர்கள். இந்த ஒரு வரியில் நீங்கள் செய்திருப்பதைவிட அதிகமாக யாரும் அதை மட்டம் தட்டிவிட முடியாது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அதற்கு மதிப்பும் இருந்தது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதன் லத்தீனை வரி வரியாகப் படித்தார். ரோம அதிகாரிகளின் நடுவே ‘சத்ரப்’ என்ற சொல் வருகிறது. அது பாரசீக ஆளுநர்களின் பட்டம். நான்காம் நூற்றாண்டு ரோமில் அதற்கு என்ன வேலை? இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, சாசனம் போலி என்று காட்டினார். அவரிடம் சமன்பாடு எதுவும் இல்லை. சொற்களின் வயது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இதையும் ‘அவர் பார்வை’ என்று சொல்வீர்களா?

என் இருபத்து நான்காவது வயதில் ஒரு பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தேன். ஒரு பழைய செய்யுள் நூலின் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் வேலை. அவர் ஒன்றை உரக்க வாசிப்பார். நான் மற்றொன்றில் விரல் வைத்து வரியைத் தொடர வேண்டும், வேறுபாடு வந்தால் நிறுத்த வேண்டும். எனக்கு அந்த நூலில் பாதி மனப்பாடம். அதில் பெருமையும் உண்டு. மூன்றாம் நாள் ஓர் இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “உன் பதிப்பில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது?” என்றார். “அப்படியேதான் ஐயா” என்றேன். எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். என் விரல் இருந்த இடத்திலேயே வேறு சொல் இருந்தது. ஓர் எழுத்து மாற்றம், பொருளே திரும்பிவிடும் மாற்றம். விரலுக்கு அடியில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. “நீ பார்த்ததைப் படிக்கவில்லை, தெரிந்ததைப் படிக்கிறாய்” என்றார். அவர் திட்டவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி வாசிக்கத் தொடங்கினார். மூன்று நாள் வேலை போயிற்று. அந்த மூன்று நாளில் இன்னும் நான்கு இடங்களை அப்படித்தான் விட்டிருந்தேன்.

கெப்ளரைப் படிக்கும்போதெல்லாம் அந்த விரல் நினைவுக்கு வருகிறது. தொலைநோக்கி வருவதற்கு முன்பு, வெறும் கண்ணால் டைகோ பிராகே என்ற வானியலாளர் எடுத்துவைத்த செவ்வாயின் இருப்பிட அளவுகள் கெப்ளர் கையில் இருந்தன. அதுவரை எல்லோரும் நம்பியதுபோல வட்டப் பாதையை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரே கணக்கை எழுபது தடவையாவது போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கணக்கும் ஏறக்குறைய பொருந்தியது. சில இடங்களில் மட்டும் 8 கலை இடித்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 8 கலை என்றால் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி. வேறொருவர் கண்ணால் பார்த்ததில் வந்த பிழை என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார். டைகோவின் அளவில் அவ்வளவு பிழை இருக்காது என்பது கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தை விட்டார். 1609இல் நீள்வட்டத்தோடு வந்தார். கோணத்தின் இந்தச் சிறு பங்குக்கும், உங்கள் துறைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிறது.

அந்த 8 கலை கெப்ளரிடம் ‘இல்லை’ என்றது. அவர் கேட்டுக்கொண்டார். வல்லாவிடம் ‘சத்ரப்’ சொன்னதும் அதுதான். உங்கள் கையில் இருக்கும் பொருள் உங்களை மறுக்க நீங்கள் இடம் கொடுக்கிறீர்களா? நான் எந்த ஆய்வேட்டைப் பிரித்தாலும் முதலில் இதைத்தான் தேடுகிறேன். அது கணிதமா, கவிதையா என்று பார்ப்பது அப்புறம். அப்படி இடம் கொடுக்காத சமூக அறிவியல் ஆய்வேடுகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. அட்டவணை, விழுக்காடு, வரைபடம் எல்லாம் இருக்கும். முடிவு மட்டும் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும்.

துறைகளுக்கு நடுவே நீங்கள் நினைக்கிற மதிலும் இல்லை. வானியலாளர்களின் அளவீட்டுப் பிழைகளுக்காக உருவான மணி வடிவ வளைகோட்டை கெட்டலே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் மனிதர்கள் மேல் வைத்துப் பார்த்தார், ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவு உட்பட. அதைப் பற்றி 1850இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் ஒரு நீண்ட மதிப்புரை எழுதினார். 1860இல் வாயு மூலக்கூறுகளின் வேகம் பற்றி இயற்பியலாளர் மாக்ஸ்வெல் எழுதியபோது, அந்த வளைகோட்டுக்கு ஹெர்ஷல் தந்த நிரூபண வழி அங்கே ஏறக்குறைய அப்படியே தெரிகிறது. வானத்திலிருந்து மனிதனுக்கு, மனிதனிடமிருந்து வாயுவுக்கு. உங்கள் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

கணினிக்கு மாறலாமா என்று கேட்டதால் ரஷ்யக் கணிதவியலாளர் மார்கோவைச் சொல்கிறேன். சங்கிலித் தொடர்போல ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளைப் பற்றி 1906இலேயே கணிதமாக எழுதிவிட்டவர். பெரும் எண்ணிக்கையில் சராசரி நிலைத்து நிற்க வேண்டுமானால் நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்று நெக்ராசோவ் என்ற இன்னொரு ரஷ்யக் கணிதவியலாளர் வாதிட்டு, அதை மனிதனின் சுதந்திர விருப்பம் வரைக்கும் கொண்டுபோயிருந்தார். மார்கோவுக்கு அது பொறுக்கவில்லை. 1913இல் புஷ்கினின் ‘யெவ்கேனி அனேகின்’ செய்யுள் நாவலை எடுத்து, முதல் 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணிக் காட்டினார். தனி ஒலி இல்லாத இரண்டு குறிகளை விட்டுவிட்டு, மிச்சத்தைப் பத்துக்குப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தார். அப்படி 200 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று எண்ணினார். கூட்டினால் உயிர் 8,638, மெய் 11,362. அப்புறம் எதற்கு அடுத்து எது வருகிறது என்று பார்த்தார். உயிருக்கு அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 13 தடவைதான். மெய்க்கு அடுத்து உயிர் வருவது 66 தடவை. ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்படியும் சராசரி நிலைத்து நிற்கிறது.

1953இல், துகள்கள் நெருக்கியடித்து நிற்கும் பொருளின் நிலையைக் கணினியில் கணக்கிட இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்டது இந்தச் சங்கிலியைத்தான். உங்கள் அண்ணனின் துறையில் இன்று அது அன்றாடக் கருவி. அதன் பெருமை பெற்ற முதல் சோதனை ஒரு கவிதையின் மேல் நடந்தது. கூச்சமாம் கூச்சம்.

உங்கள் ‘வீடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையாகவே நல்ல கவனிப்பு. ஆனால் ‘இடங்களெல்லாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை இடம்? எல்லாவற்றையும் பார்த்தீர்களா, பிடித்த கவிதைகளில் மட்டும் பார்த்தீர்களா? முற்காலக் கவிதைகளிலும் அப்படியே இருந்தால் உங்கள் ‘பிற்காலம்’ என்ன ஆகும்? ‘இல்லம்’, ‘மனை’ என்று வரும் இடங்களை என்ன செய்தீர்கள்? இழப்பே இல்லாத, குழந்தை ஓடி விளையாடுகிற ஒரு ‘வீடு’ எங்காவது இருந்தால் அதைத் தேடி எடுங்கள். அதை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்காமல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வையுங்கள். அது உங்கள் 8 கலை.

கணினியைக் கற்றுக்கொள்ளுங்கள், அண்ணனிடமே கற்றுக்கொள்ளுங்கள். துறை மாற வேண்டாம். முதலில் அந்தக் கவிஞரின் ஒரு தொகுப்பை எடுத்து, ‘வீடு’ வரும் வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தாளில் எழுதுங்கள். தெரிந்த கவிதையாக இருந்தாலும் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்துப் பார்த்து எழுதுங்கள். முடித்ததும் எத்தனை வரி என்று எனக்கு எழுதுங்கள்.