தாய்க்கு ஏபிஎஸ், பிள்ளைக்குப் பாரிசவாதம்: கேள்வி பதில்

கேள்வி (காத்தான்குடி): மகளுக்கு மூணு தரம் கரு கலைஞ்சிட்டு. இப்ப ஏபிஎஸ் எண்டு அஸ்பிரினும் வயித்துல போடுற ஊசியும் குடுத்திருக்காங்க. வாற பிள்ளைக்கும் பாரிசவாதம் வருமா?

பதில்: மிக அரிது ராத்தா. ஏபிஎஸ் (அன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம்) எண்ட நோயில தாயின் பிறபொருளெதிரிகளே இரத்தத்தை உறையப்பண்ணும். அதுகள்ல ஐஜிஜி எண்ட வகை மட்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். அதுவும் பெரும்பாலும் ஆறு மாதமளவில் கரைஞ்சிரும். வயித்துல போடுற, இரத்தம் உறையாத எனொக்ஸாபரின் ஊசி (வழமையா ஒரு நாளைக்கு 40 மி.கி.) பிள்ளைக்குப் போகாது. நோவு தொடங்கினா அடுத்த ஊசியைப் போடாம வாட்டுக்குப் போய், கடைசியாப் போட்ட நேரத்தைச் சொல்லட்டும். முதுகுல விறைப்பூசி போட 12 மணித்தியாலமாவது கழிஞ்சிருக்கணும். பலர் விடுற பிழை, பிள்ளை பிறந்ததும் ஊசியைத் தாங்களாவே நிப்பாட்டுறது. தாய்க்கு இரத்தக்கட்டி வாற ஆபத்து பேற்றுக்குப் பிறகு ஆறு கிழமையும் கூடவே இருக்கும். தாய்ப்பால் தாராளமாக் குடுக்கலாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): கிளினிக்குல வீடிஆர்எல் (சிபிலிஸ் எண்ட பாலியல் நோய்க்குப் பார்க்கிற இரத்தப் பரிசோதனை) பொசிட்டிவ். வீட்டுல பெரிய சண்டை.

பதில்: சண்டையை ஒத்திவைங்க. அந்தப் பரிசோதனையில பாவிக்கிற கொழுப்புல கார்டியோலிப்பின் இருக்கு; ஏபிஎஸ் பிறபொருளெதிரியும் அதையே பிடிக்கும். அதால சிபிலிஸ் இல்லாமலும் பொசிட்டிவ் காட்டலாம். சிபிலிஸுக்கெண்டே உள்ள டீபிஎச்ஏ பரிசோதனை செய்தா வேறுபாடு தெரியும். அது வரும்வரை தட்டிக்கழிக்கவும் வேணாம், உண்மையான சிபிலிஸ் பிள்ளையைத் தாக்கும்.

கேள்வி (கல்முனை): ஏபிஎஸ் பரிசோதனை ஒரு தரம் பொசிட்டிவ் வந்தா ஏபிஎஸ்தானா?

பதில்: இல்லை. குறைஞ்சது 12 கிழமை விட்டு இன்னொரு தரம் பார்க்கணும். காய்ச்சல், கிருமித்தொற்றுக்குப் பிறகு தற்காலிகமாகவும் கூடும்.

கேள்வி (வாழைச்சேனை): பிறந்து ரெண்டு நாள். வலக்கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது. குளிர் எண்டு மாமி சொல்றா.

பதில்: அந்தக் கையை மெல்லப் பிடிச்சுப் பாருங்க தங்கச்சி. நடுக்கமெண்டா நிக்கும், வலிப்பெண்டா உங்கட பிடிக்குள்ளயும் துடிக்கும். நிண்டாலும் கொண்டு போகத்தான் வேணும், சீனி குறைஞ்சாலும் நடுங்கும். ஃபோன்ல வீடியோ எடுத்துக்கொண்டு உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க. வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க. அங்க முதல்ல சீனி பார்ப்பாங்க, வலிப்பு தொடர்ந்தா பீனோபாபிற்றோன் எண்ட வலிப்பு மருந்தை (முதல் அளவு கிலோவுக்கு 20 மி.கி.) ஏத்துவாங்க. வலிப்பெண்டா இது பாரிசவாதமாவும் இருக்கலாம்: நஞ்சுக்கொடியில உண்டான இரத்தக்கட்டி, பிள்ளையின் இருதயத்துல அப்ப திறந்திருக்கிற சின்ன வழியால மூளைக்குப் போயிருக்கலாம். கூடுதலா அடைபடுறது மூளையின் இடப்பக்கம், அதால இழுக்குறது வலக்கை. தலை அல்ட்ராசவுண்ட் ஸ்கான்ல இது தப்பிப்போகலாம், எம்ஆர்ஐ கேளுங்க. இருதயத்துல இரத்தக்கட்டி மாதிரி வேறு காரணம் இல்லாட்டி இரத்தம் உறையாத மருந்து பெரும்பாலும் குடுக்கமாட்டாங்க. திரும்ப வாறது குறைவு.

கேள்வி (கல்லடி): மகனுக்கு ஆறு மாதம். எல்லாத்தையும் இடக்கையாலயே பிடிக்கிறான். இடக்கைக்காரனோ?

பதில்: ஒரு வயசுக்கு முந்தி எந்தக் கையும் முந்தக்கூடாது. வலக்கை பொத்தினபடியே இருக்கா, பொருளை எட்டிப்பிடிக்குதா எண்டு பாருங்க. பிறந்த நேரம் ஒண்டும் தெரியாமப் போன பாரிசவாதம் இப்பதான் வெளிப்படும். மருத்துவமாதுவிடம் சொல்லிப் பிள்ளை வைத்தியரிட்டக் காட்டுங்க. அதுவரை விளையாட்டுச் சாமானை வலப்பக்கமா நீட்டுங்க. இடக்கையைக் கட்டிவைக்க வேணாம். நல்ல கையைக் கட்டி மற்றக் கையைப் பழக்குற பயிற்சியை பிசியோதெரபிக்காரர்தான் நேரம் அளந்து செய்யணும்.