ஏழுக்கு நான்கு

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு ஏபி சைக்காலஜி, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை உளவியல் பாடம் எடுத்திருக்கிறாள். முந்நூறுக்கும் மேற்பட்ட கலைச்சொற்களை ஃபிளாஷ் கார்டுகளில் எழுதி வைத்து, எதைக் கேட்டாலும் வரையறையை வரி பிசகாமல் சொல்கிறாள். ஆனாலும் கட்டுரை விடையில் 7க்கு 4தான் கிடைத்தது. ஆசிரியர் அதை 57 சதவீதமாக ஏற்றியதில் அவளுடைய கிரேடு ‘பி மைனஸ்’ ஆகிவிட்டது. குறிப்பேட்டை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்ததற்கும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார். என் அண்ணன் மகன் 2022இல் இதே பாடத்தில் சொற்களை மனப்பாடம் செய்தே, தேர்வின் மிக உயர்ந்த மதிப்பெண்ணான 5 வாங்கினான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா? விடைத்தாளின் நகலை இணைத்திருக்கிறேன். உளவியல் கற்பித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் வாசகி

அன்புள்ள சகோதரி,

விடைத்தாளை இரண்டு முறை படித்தேன். ஆசிரியர் போட்ட 4 சரியான மதிப்பெண். அதை அவர் கிரேடாக மாற்றிய விதம்தான் தவறு. நீங்கள் இரண்டையும் ஒரே குறையாக எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால்தான் பள்ளியில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியும்.

முதலில் அந்த 4. வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கம், குறைவாகத் தூங்கியவர்களின் நினைவாற்றலைப் பற்றியது. அதில் பங்கேற்றவர்களுக்கு இருபது சொற்கள் கொண்ட பட்டியலைக் காட்டி, மறுநாள் எத்தனை சொற்களைத் திரும்பச் சொல்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். இந்த ஆய்வில் நினைவாற்றலின் செயல்முறை வரையறை என்ன என்பது இரண்டாம் பகுதியின் கேள்வி. உங்கள் மகள், ‘நினைவாற்றல் என்பது தகவலைப் பதிந்து, சேமித்து, தேவைப்படும்போது மீட்டெடுக்கும் திறன்’ என்று எழுதியிருக்கிறாள். பாடநூலில் அச்சிடத் தக்க வாக்கியம்தான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. ஆய்வாளர்கள் எதை அளந்தார்கள் என்பதே கேள்வி. ‘இருபது சொற்களில் மறுநாள் நினைவுகூர்ந்தவற்றின் எண்ணிக்கை’ என்ற அரை வரி போதுமாயிருந்தது.

முடிவைப் பொதுமைப்படுத்தலாமா என்ற பகுதியிலும் இதே கதைதான். ‘மாதிரி சிறியது, ஆகவே பொதுமைப்படுத்த இயலாது’ என்று எழுதியிருக்கிறாள். எந்த ஆய்வைக் கொடுத்தாலும், அதைப் படிக்காமலே எழுதிவிடக்கூடிய வாக்கியம் இது. பங்கேற்றவர்கள் அனைவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள் என்று அந்தச் சுருக்கத்தின் மூன்றாம் வரியிலேயே இருக்கிறது. அந்த விவரத்தை எடுத்துக்காட்டி, வயது முதிர்ந்தவர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த முடியாது என்று எழுதியிருந்தால் மதிப்பெண் வந்திருக்கும். கருதுகோளை முடிவு ஆதரிக்கிறதா என்ற கடைசிப் பகுதிக்கு 2 மதிப்பெண். ஆம் என்று சொல்லி, எந்த எண் அதைக் காட்டுகிறது என்று விளக்காமல் விட்டதால் ஒன்று போயிற்று. ஆய்வு முறை, புள்ளியியல், ஆய்வறம் ஆகிய மூன்று பகுதிகளிலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

உங்கள் அண்ணன் மகன் எழுதிய தேர்வு வேறு. அன்று கொள்குறி வினாக்கள் 100, அவற்றுக்கு 70 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு 42 விநாடிகள்தான். சொல்லைப் பார்த்ததும் பொருள் நினைவுக்கு வருகிறவனுக்கு அந்த வேகம் பெரிய பலம். (அப்போதும் கட்டுரை விடையில் வெறும் வரையறைக்கு மதிப்பெண் கிடையாது, அவன் அதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.) 2024–25 கல்வியாண்டிலிருந்து, ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு இந்தப் பாடத்தையே மாற்றியமைத்துவிட்டது. ஒன்பது அலகுகள் ஐந்தாயின. கொள்குறி வினாக்கள் 75ஆகக் குறைந்து, நேரம் 90 நிமிடங்களாகக் கூடியது. கட்டுரை வினாக்கள் இரண்டுக்கும் சேர்த்து 70 நிமிடங்கள். ஒன்றில் ஓர் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து அதைப் பகுத்தாயச் சொல்கிறார்கள். மற்றொன்றில் மூன்று ஆய்வுச் சுருக்கங்களைக் கொடுத்து, அவற்றிலிருந்து சான்றெடுத்து ஒரு கருத்தை நிறுவச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண்; இரண்டும் சேர்ந்து மொத்தத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, ஆசிரியர் தன் விருப்பத்துக்கு எதையும் கூடுதலாக எதிர்பார்க்கவில்லை. மே மாதத் தேர்வு எதைக் கேட்கப்போகிறதோ அதையே இப்போது கேட்கிறார்.

அந்த எதிர்பார்ப்பு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கல்லூரியில் கற்பித்த நாட்களில், வரையறையை ஒப்பித்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டவன் நான். திருத்துவதற்கு அது எளிது. அப்படி என்னிடம் முதலிடம் வாங்கிய மாணவர்களுக்கு, செய்தித்தாளில் வந்த ஓர் ஆய்வைப் படித்து அதில் எது சாரா மாறி (ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது), எது சார்ந்த மாறி (அதன் விளைவாக அளக்கப்படுவது) என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டபோது எனக்கு நேர்ந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

இனி அந்த 57. இங்குதான் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். 7 மதிப்பெண் கொண்ட ரூப்ரிக் என்பது, எந்தெந்தத் திறன் வந்திருக்கிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளும் அளவுகோல். நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதற்காக அது உருவானதல்ல. அதை நேரடியாகச் சதவீதமாக்கினால், பெரும்பாலான பகுதிகளைச் சரியாக எழுதிய மாணவியின் விடை, அறுபதுக்குக் கீழே போனால் தோல்வி என்று கொள்ளும் பள்ளிகளில் தோல்வியாகவே பதிவாகும். காலேஜ் போர்டே அப்படிச் செய்வதில்லை. இரு பிரிவுகளின் மதிப்பெண்களையும் எடையிட்டுக் கூட்டி 1 முதல் 5 வரையிலான அளவுக்கு மாற்றுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால்தான் 5 என்ற கணக்கு அங்கே இல்லை. தேர்வின் ரூப்ரிக்கை வகுப்புக்குக் கொண்டுவருகிற ஆசிரியர், அதோடு சேர்ந்து வரும் மாற்று அளவையும் கொண்டுவர வேண்டும். இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

குறிப்பேட்டுத் தாமதத்துக்குக் குறைத்த மதிப்பெண் நேரந்தவறாமையை அளக்கிறது, உளவியலை அளக்கவில்லை. எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த பாடத்திட்டத் தாளில் அந்த விதி இருந்திருந்தால், இப்போது அதை எழுப்பிப் பயனில்லை. விட்டுவிடுங்கள்.

ஆசிரியரின் திருத்தத்தில் விருப்பு வெறுப்பு இருக்குமோ என்ற ஐயமும் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. ஐயப்படுவதில் தவறில்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். அந்த ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. இன்ன பகுதிக்கு இன்னது எழுதினால் 1, எழுதாவிட்டால் 0 என்று சொல்லும் ரூப்ரிக் அந்தத் தடுமாற்றத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதே ரூப்ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் திருத்திப் பார்த்தேன். எனக்கும் 4தான் வந்தது.

ஃபிளாஷ் கார்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 சதவீதம் நினைவிருந்தது. படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 42க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56இல் நின்றார்கள். உங்கள் மகள் செய்வதும் பாராமல் சொல்லிப் பார்ப்பதுதான். சொல்லிலிருந்து வரையறைக்கு மட்டுமே போகிறாள் என்பதுதான் குறை. அட்டையின் முன்பக்கத்தில் சொல்லுக்குப் பதிலாக ஒரு நிகழ்வை எழுதட்டும். சீட் பெல்ட் போடாதவரை கார் கீச்கீச்சென்று ஒலிக்கிறது, போட்டதும் ஒலி நிற்கிறது, அதனால் ஏறியவுடன் போடும் பழக்கம் வருகிறது. இது எதிர்மறை வலுவூட்டலா, தண்டனையா? பின்பக்கத்தில் விடையோடு, மற்றது ஏன் பொருந்தாது என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். பழக்கம் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை; கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கத் தெரிந்தவள் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்ப மாட்டாள். முந்நூறு அட்டைகளையும் மாற்ற வேண்டாம், எளிதில் ஒன்றோடொன்று குழம்பும் நாற்பது ஐம்பது சொற்களுக்குச் செய்தால் போதும்.

ஆசிரியருக்கு மின்னஞ்சலை நீங்கள் எழுதாதீர்கள், மகளே எழுதட்டும். தான் இழந்த மூன்று மதிப்பெண்களும் எங்கே போயின என்று தெரிந்துகொண்டதை முதலில் சொல்லி, இரண்டாம் பகுதிக்கும் பொதுமைப்படுத்தல் பகுதிக்கும் திருத்திய விடையை இணைத்து, அதன்பின் 7க்கான மதிப்பெண் எந்த அளவுப்படி கிரேடாகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். தாமதத்தைப் பற்றியும் அண்ணன் மகனைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் வர வேண்டாம்.